முன்பக்க இன்டர்கூலர்: கிட் பெட்டிக்குள் வராத வேலைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனக் கேள்வி-பதில் பகுதியில் வாசகர் ஒருவர், பழைய ஃபார்ச்சூனர் 3.0 டீசல் வண்டியில் எஞ்சின் மேல் இருக்கும் இன்டர்கூலரை (டர்போவில் சூடான காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் குளிர்விக்கும் பகுதி) கழற்றிவிட்டு, கடையில் கிடைக்கும் முன்பக்க இன்டர்கூலரை வீட்டிலேயே மாட்டலாமா என்று கேட்டிருந்தார். கிட்டை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், இழுவையும் நன்றாகக் கூடும் என்று பதில் வந்திருந்தது. வீட்டில் மாட்டலாம் என்பது சரி. மற்ற இரண்டும் சரியில்லை. அதை நம்பி பம்பரைக் கழற்றுகிறவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார் என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கு. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறிதான் டர்போ; அது அமுக்கும்போது காற்று சூடாகும். அந்த அமுக்கத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம், அதன் அளவு பார். வெளியே 35 டிகிரி, பூஸ்ட் 1.2 பார், டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், டர்போவை விட்டு வரும் காற்று ஏறக்குறைய 145 டிகிரியில் இருக்கும். அந்தக் கூடுதல் சூட்டில் 70 சதவீதத்தை இன்டர்கூலர் எடுத்துவிட்டால் எஞ்சினுக்குள் போவது 68 டிகிரிக் காற்று. 85 சதவீதம் எடுக்கும் நல்ல இன்டர்கூலர் என்றால் 52 டிகிரி. வித்தியாசம் 16 டிகிரி. காற்றின் அடர்த்தியில் அது 5 சதவீதம், அவ்வளவுதான். டீசல் வண்டியில் எவ்வளவு டீசல் தெளிப்பது என்பதை ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) முடிவு செய்கிறது. 5 சதவீதம் கூடுதல் காற்று கிடைத்ததற்காக அது தானாக 5 சதவீதம் டீசலைக் கூட்டிக் கொடுக்காது. கரும்புகை குறையும், எக்ஸாஸ்ட் சூடு இறங்கும், இழுவை கொஞ்சம் சீராகும். சீட்டில் முதுகு அழுந்துகிற மாதிரி மாற்றம் வரும் என்று எதிர்பார்ப்பவர் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பலன் தெரிகிற இடம் வேறு. 2009-ல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனரின் 2982 சிசி எஞ்சினில் இன்டர்கூலர் எஞ்சின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. பானெட்டின் மேலுள்ள காற்றுத் திறப்பான ஸ்கூப் வழியாக வரும் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. வண்டி 80-ல் போகும்போது அது போதும். வால்பாறை ஏற்றத்தின் 40 கொண்டை ஊசி வளைவுகளில், முழு லோடுடன் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது ஸ்கூப்பில் காற்று நுழைவது மிகக் குறைவு; கீழேயிருந்து எஞ்சின் சூடு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அங்கே இன்டர்கூலர் சரியாகக் குளிர்விக்காது. மலையேற்றம், டிரெய்லர் இழுப்பது, மெதுவான நெரிசல் இவை அன்றாட வேலையாக இருப்பவருக்கு முன்பக்க இன்டர்கூலர் உண்மையில் உதவும். நாலுவழிச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு, ஸ்கூப்புக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ஸ்பாஞ்ச் ரப்பர் சீலைப் புதிதாக ஒட்டுவது போதும். பத்து வருடம் தாண்டிய வண்டிகளில் அது பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். உள்ளே வரும் காற்று இன்டர்கூலரின் துடுப்புகளுக்குள் போகாமல் ஓரமாக வழிந்து போய்விடும். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த எஞ்சினில், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வாஷர் கசிவது தெரிந்த கோளாறு. எரிந்த வாயு மேலே கசிந்து ஆயிலில் கரியாகக் கலக்கும், அந்தக் கரி எஞ்சினின் ஆயில் தொட்டியான கார்ட்டரிலுள்ள வடிகட்டியை (ஸ்ட்ரெய்னர்) அடைக்கும், ஆயில் பிரஷர் விழும். அப்புறம் எஞ்சினே போகும். இன்ஜெக்டர் வாஷர் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டிக்கு இன்டர்கூலர் வாங்குவது தேவையில்லாத செலவு. முதல் காசு அங்கே போகட்டும்.

இத்தனைக்கும் பிறகு மாட்டுவது என்று முடிவானால், பழைய இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டும். மெல்லிய ஆயில் படலம் இருந்தால் இயல்பு. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக வருவது. சாய்த்தால் கால் டம்ளர் ஆயில் ஊற்றுகிறது என்றால் டர்போ சீல் போயிருக்கிறது, இல்லை பிரீதர் பக்கம் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புதிய இன்டர்கூலரை மாட்டினால் அதன் அடித்தொட்டியில் ஆயில் தேங்கும். ஒருநாள் முழு ஆக்ஸிலரேட்டரில் அந்த ஆயில் மொத்தமாக எஞ்சினுக்குள் போனால் டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டர்போ விசிறியையும் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடக்கூடாது, விசிறி இலை கூட்டில் உரசவே கூடாது.

இன்டர்கூலரின் குளிர்விக்கும் நடுப்பகுதியான கோரைத் தேர்வு செய்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தடிமன் அதிகமானால் நல்லது என்று 76 மி.மீ. கோரைக் கேட்டு வாங்குகிறார்கள். தடித்த கோரில் காற்று முதல் பாதியைக் கடக்கும்போதே சூடாகிவிடும். பின்பாதி பெயருக்குத்தான் வேலை செய்யும். பின்னாலிருக்கும், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் காற்று குறையும். இந்த வண்டிக்கு 64 மி.மீ. தடிமனே தாராளம், கிரில்லும் கீழ்த் திறப்பும் காட்டுகிற அளவுக்கு அகலமும் உயரமும் இருக்கட்டும். காற்றுக்கு நேராகத் தெரியும் பரப்புதான் முக்கியம். பார்-பிளேட் வகை கோர் கனமானது, கல்லடி தாங்கும், சூட்டைக் கொஞ்ச நேரம் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ளும். டியூப்-ஃபின் வகை லேசானது, பின்னாலுள்ளவற்றுக்குக் காற்றை அதிகம் விடும். நம் ஊர் வெயிலுக்கு, ஏசி இல்லாமல் வண்டி ஓட்ட முடியாது என்பவருக்கு, இரண்டாவதே பொருத்தம். வாங்கும்போது டார்ச்சை ஒரு வாய்க்குள் அடித்து மறு வாய் வழியாகப் பாருங்கள். மலிவுக் கோர்களில் வெல்டிங் வழிந்து ஓரத்து ஒன்றிரண்டு வரிசைகள் அடைபட்டிருப்பது சகஜம்.

குழாய் அளவிலும் பெரிது நல்லது என்ற எண்ணம் வேண்டாம். டர்போவிலிருந்து கோர் வரை 57 மி.மீ., கோரிலிருந்து எஞ்சின் வரை 63 மி.மீ. போதும். 76 மி.மீ. குழாய் போட்டால் நிரப்ப வேண்டிய இடம்தான் கூடும். 63 மி.மீ. குழாயே இரண்டரை மீட்டர் நீளத்துக்கு 7 லிட்டர் கொள்ளும். கோரும் அதன் இரு தொட்டிகளும் அதற்கு மேல். 2000 சுற்றில் 3 லிட்டர் எஞ்சின் நொடிக்கு 50 லிட்டர்தான் காற்று இழுக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்தாலே, முன்பக்க இன்டர்கூலரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயக்கம் ஏன் வருகிறது என்று புரியும். அதைக் குறைக்க ஒரே வழி குழாயைக் குட்டையாக, தேவைக்கு மேல் பருமனில்லாமல் வைப்பது. கிட்டுடன், மிச்ச பூஸ்ட்டை வெளியேவிடும் புளோ-ஆஃப் வால்வு சேர்த்து விற்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டீசலில் அதற்கு வேலையில்லை, சத்தம்தான் மிச்சம்.

புதுக் கோர் பெட்டியிலிருந்து வந்தபடியே மாட்டக் கூடாது. உள்ளே அலுமினியத் துகளும் வெல்டிங் பிசிறும் இருக்கும். காந்தம் அலுமினியத்தைப் பிடிக்காது, அதனால் கழுவித்தான் ஆக வேண்டும். சோப்பு கலந்த வெந்நீரை ஊற்றி, இரு வாயையும் மூடி, முன்னும் பின்னும் குலுக்கிக் கொட்டுங்கள். ஊற்றும் தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு கம்ப்ரசர் காற்றால் ஊதி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, வாய்களை டேப்பால் ஒட்டி மூடி வையுங்கள். டர்போ வாயிலும், எஞ்சினுக்குள் காற்று நுழையும் த்ராட்டில் பாடி வாயிலும் வேலை முடியும்வரை மூடி இருக்கட்டும். பழந்துணியைத் திணிப்பதைவிட வெளிப்புறமாக டேப் சுற்றுவது பாதுகாப்பு. திணித்த துணியை மறந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்த கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

கழற்றும் வேலை எளிது. 10, 12, 14 மி.மீ. சாக்கெட்டுகளும் கிளிப் எடுக்கும் நெம்பியும் இருந்தால் கிரில், பம்பர் இரண்டும் வந்துவிடும். பம்பரை இழுப்பதற்கு முன் ஃபாக் விளக்கு ஒயர்களைக் கழற்ற மறக்காதீர்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு 90 நொடியாவது காத்திருங்கள். ஏர்பேக் மின்சுற்றில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்க அந்த நேரம் வேண்டும். முன்பக்கச் சட்டத்தில் இருக்கும் ஏர்பேக் சென்சாரின் இடத்தை மாற்றவோ, அதன் போல்ட்டில் வேறு பிராக்கெட்டைக் கோர்க்கவோ கூடாது. பம்பருக்குப் பின்னாலுள்ள இரும்பு உத்திரத்தைக் கோருக்காக அறுப்பதும் அப்படித்தான். மோதும்போது முதலில் அடி வாங்க வேண்டியது அது. பிளாஸ்டிக்கை வெட்டலாம்; ஹாரனை, பானெட் பூட்டின் நடுக் கம்பியைச் சற்று நகர்த்தலாம். உத்திரம் தடுத்தால் கோர்தான் தப்பு.

கோரை நேரடியாகத் தூக்கிப் பிடித்து அளவு பார்க்காதீர்கள். டிவி வந்த அட்டைப்பெட்டியில் கோரின் அளவுக்கு அட்டை வெட்டி, அதை வைத்து இடம் பாருங்கள். கன்டென்சருக்கும் கோருக்கும் நடுவே 15 முதல் 25 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒட்டி வைத்தால் அதிர்வில் உரசி கன்டென்சர் ஓட்டையாகும், கேஸ் போகும். கன்டென்சரைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டியிருந்தால் அதன் பிராக்கெட்டை மட்டும் நகர்த்துங்கள். ஏசிக் குழாயை வீட்டில் திறப்பதற்கில்லை.

பிராக்கெட்டுக்கு 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டை போதும். நான்கு இடத்தில் பிடிக்க வேண்டும், மேலே இரண்டு கீழே இரண்டு. ஒவ்வொன்றிலும் ரப்பர் புஷ். கோரின் அலுமினியக் காதை இரும்போடு நேராக முறுக்கினால் மேடுபள்ளத்தில் சட்டம் முறுக்கிக்கொள்ளும்போதெல்லாம் அந்தக் காது வளையும். சில மாதத்தில் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். தூத்துக்குடி, கடலூர், சென்னைக் கடற்கரை ஓரத்து வண்டிகளில் இரும்பும் அலுமினியமும் தொடுமிடம் உப்புக் காற்றில் அரித்தும் போகும். நைலான் வாஷர் வைத்தால் தப்பிக்கும். கனமான கோர் 8 கிலோ வரை இருக்கும், குழாய்கள் அதைத் தாங்கிப் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். குழாய்களைக் கழற்றிவிட்டால்கூடக் கோர் அசையாமல் நிற்க வேண்டும்.

ரேடியேட்டர் ஓரத்துத் தகட்டில் குழாய்க்கு ஓட்டை போட வேண்டி வந்தால் குழாயைவிட 10 மி.மீ. பெரிய ஹோல்-சா பயன்படுத்துங்கள். தகட்டின் பின்னால் ஒயர் கட்டு போகிறதா என்று முதலில் கைவிட்டுத் தடவிப் பார்ப்பது நல்லது. வெட்டிய விளிம்பில் துருத் தடுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்தபின் ரப்பர் விளிம்பு மாட்ட வேண்டும். குழாய் தகட்டைத் தொட்டால் இரண்டே மாதத்தில் அறுபடும். ரேடியேட்டர் விசிறி, பெல்ட், புல்லி இவற்றிடமிருந்து 25 மி.மீ.யாவது தள்ளியிருக்கட்டும். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போதும் ஆக்ஸிலரேட்டரை அமுக்கும்போதும் அது சாயும், குழாய் சாயாது. அதனால்தான் எஞ்சினிலிருந்து சட்டத்துக்குத் தாவும் இடத்தில் நேர் ஹோஸ் போடாமல் நடுவில் புடைப்புள்ள ஹம்ப் ஹோஸ் போட வேண்டும். பானெட் மூடும்போது மேல் குழாயில் இடிக்குமா என்று தெரிய, குழாயின் மேல் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை வைத்து பானெட்டை மெல்ல மூடித் திறங்கள். நசுங்கிய மாவின் கனம்தான் உங்கள் இடைவெளி. 10 மி.மீ.க்குக் குறைவானால் குழாயை இறக்க வேண்டும்.

இனி ஹோஸும் கிளாம்பும். இந்த வேலை தோற்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இங்கேதான் தோற்கும்.

டர்போ பக்கத்து ஹோஸில் 145 டிகிரிக் காற்றும் ஆயில் ஆவியும் போகின்றன. அங்கே ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ரப்பர் ஆயிலில் ஊறி, சூட்டில் இளகி, ஒரு ஏற்றத்தில் வெடிக்கும். சிலிக்கான் ஹோஸ்தான் வேண்டும், நான்கு அடுக்குத் துணி வைத்தது, 4 முதல் 5 மி.மீ. கனத்தில். சாதாரண சிலிக்கானும் ஆயிலை மெல்ல உறிஞ்சி வெளியே வியர்க்கும், காலப்போக்கில் உப்பும். உட்புறம் ஃப்ளோரோசிலிக்கான் பூசிய ஹோஸ் கிடைத்தால் டர்போ பக்கத்துக்கு அதையே வாங்குங்கள். குளிர் பக்கத்துக்குச் சாதாரண சிலிக்கான் போதும்.

குழாய் நுனியில் சுற்றிலும் ஒரு வரம்பு இருக்க வேண்டும், பீடு என்பார்கள். அது இல்லாத வழுவழுப்பான குழாயில் எவ்வளவு முறுக்கினாலும் பூஸ்ட் ஏறும்போது ஹோஸ் நழுவிக் கழன்றுவிடும். குழாயை அளவுக்கு வெட்டினால் பீடு போய்விடும். வெட்டிய நுனியை டிக் வெல்டிங் பட்டறையில் கொடுத்து நான்கு இடத்தில் சிறு வரி ஓட்டி, கூர்மை இல்லாமல் அரத்தால் தேய்த்துக்கொண்டால் போதும். வெட்டுப் பிசிறை உள்ளும் வெளியும் வழித்தெடுங்கள். உள்பிசிறு எஞ்சினுக்குள் போகும், வெளிப்பிசிறு ஹோஸைக் கிழிக்கும்.

ஹோஸுக்குள் ஒவ்வொரு குழாயும் 25 முதல் 30 மி.மீ. நுழைய வேண்டும். இரு குழாய் நுனிகளும் ஒன்றையொன்று தொடாமல் 10, 15 மி.மீ. இடைவெளி விடுங்கள். மாட்டும் முன் குழாய் நுனியையும் ஹோஸின் உட்புறத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்து உலரவிடுங்கள். எளிதாக நுழையட்டும் என்று ஆயிலோ கிரீஸோ தடவுகிறவர் தன் கையாலேயே அதை மறுபடி கழற்றிவிடுகிறார். ஏறாமல் அடம்பிடித்தால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தடவுங்கள், அது காய்ந்தபின் வழுக்காது.

ஹோஸை இறுக்கும் கிளாம்ப், அகலப் பட்டையை போல்ட்டால் இறுக்கும் டி-போல்ட் வகையாக இருக்கட்டும். பல் வெட்டிய சாதாரண ஹோஸ் கிளிப்பின் பற்கள் சிலிக்கானை அறுக்கும், ஒரே சீராகவும் இறுகாது. இங்கே ஒரு பொறி: கிளாம்பின் அளவு குழாய்க்கு இல்லை, ஹோஸின் வெளிவிட்டத்துக்கு. 63 மி.மீ. குழாய்மேல் 5 மி.மீ. கனமுள்ள ஹோஸ் ஏறினால் வெளிவிட்டம் 73 மி.மீ.; அதற்கு 68-லிருந்து 76 வரை பிடிக்கும் கிளாம்ப் வேண்டும். கிட்டில் பெரிய கிளாம்ப் வந்திருந்தால் முழுவதும் இறுக்கிய பிறகும் வட்டம் முட்டை வடிவாகி ஒரு பக்கம் கசியும். கிளாம்ப் பீடுக்கு உள்பக்கமாக, ஹோஸின் விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். பீடின் மேலேயே இறுக்கினால் ஹோஸ் வெட்டுப்படும். இறுக்கம் 7, 8 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லாதவர் சிறு ராட்செட்டை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் அந்த அளவை ஒட்டி வரும். முழுக்கையால் இறுக்கினால் மெல்லிய குழாய் உள்ளே குழிந்துவிடும்.

எல்லாம் மாட்டியபின் பம்பரை மாட்டாமல் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கணக்கில் விட்டுப்போவது இதுதான். டர்போவுக்குள் காற்று நுழையும் ரப்பர் பைப்பை ஏர் ஃபில்டர் பக்கம் கழற்றி, அதன் வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடி ஒன்றில் துளையிட்டு, டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி, மூடியை உள்ளே செருகி கிளாம்பால் இறுக்குங்கள். அந்தப் பைப்பில் சேரும் பிரீதர் குழாயைக் கழற்றி இரு வாயையும் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊதும் காற்று நேரே கார்ட்டருக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளும். பிரஷர் அளவி உள்ள பம்பால் 0.3 பார் ஏற்றி நிறுத்திக் காது கொடுங்கள். பிறகு மெல்ல 1 பார். அதற்குமேல் வேண்டாம். மூடிக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் குண்டு மாதிரி வரும். ஒவ்வொரு ஹோஸ் நுனியிலும் கோரின் வெல்டிங் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை கிளம்பும் இடம் கசிவு. முள் மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். திறந்திருக்கும் வால்வு வழியாகவும் பிஸ்டன் ரிங் வழியாகவும் கொஞ்சம் போகும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் மூச்சு மாதிரி சத்தம் கேட்கும். வெளியே நுரை வராமல் இருப்பதுதான் கணக்கு.

இதைச் செய்யாமல் ஓட்டினால் என்ன ஆகும்? ஏற்றத்தில் கரும்புகை, மந்தம், எஞ்சின் விளக்கு, ஸ்கேனரில் பூஸ்ட் குறைவு என்று பி0299 கோடு. அதைவிட மோசம், கசிவை ஈடுகட்ட டர்போ எந்நேரமும் வேகமாகச் சுற்றி ஆயுளை இழப்பது. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கும்போது, பூஸ்ட் இல்லாத நேரத்தில் அதே கசிவு தண்ணீரை உள்ளிழுக்கவும் கூடும். முன்பக்கக் கோர் பழையதைவிட மிகத் தாழ்வாக இருக்கிறது என்பதை டிசம்பர் மாதச் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

பழைய இன்டர்கூலர் இருந்த இடம் இப்போது காலி, பானெட் ஸ்கூப் திறந்தே இருக்கிறது. அப்படியே விட்டால் மழைநீர் நேராக இன்ஜெக்டர் கனெக்டர்களின் மேல் விழும். 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டை ஸ்கூப்பின் உள்வாய் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் ரப்பர் வைத்து மூடிவிடுங்கள். கோரைச் சுற்றியுள்ள இடைவெளிகளை ஸ்பாஞ்ச் பட்டையால் அடைப்பதும், எஞ்சின் அடித்தட்டைத் திரும்ப மாட்டுவதும் ஏசிக்காக. முழு லோடில் இந்தக் கோர் 10 கிலோவாட்டுக்குக் குறையாத சூட்டைக் கன்டென்சரின் முகத்தில் ஊதும். சிக்னலில் நிற்கும்போது பூஸ்ட் இல்லாததால் கோரில் சூடு இருக்காது, ஆனால் காற்றை மறைக்கும். அடித்தட்டு இல்லையென்றால் எஞ்சினுக்கு அடியிலிருந்து வரும் அனல் சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வந்து சேரும். 'இன்டர்கூலர் போட்டதிலிருந்து ஏசி கூலிங் இல்லை' என்ற புகாரில் பெரும்பாலும் காணாமல் போயிருப்பது இந்த அடித்தட்டுதான். கோருக்கு முன்னால் கல் தடுக்க வலை போடுவதானால் கண்ணி 6, 8 மி.மீ. இருக்கட்டும். கொசுவலை அளவு வலை பூச்சியிலும் தூசியிலும் அடைத்துக்கொள்ளும்.

பலன் தெரிய வேண்டுமென்றால் கழற்றுவதற்கு முன்பே அளவெடுத்து வைத்திருக்க வேண்டும். வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, ஒரே ஏற்றச் சாலையில், ஒரே நேரத்தில், மூன்றாவது கியரில் 1500-லிருந்து 3500 சுற்று வரை பூஸ்ட், கூலன்ட் சூடு, காற்றுச் சூடு மூன்றையும் பதிந்துகொள்ளுங்கள். காற்றுச் சூட்டை எந்த சென்சார் சொல்கிறது என்று பார்ப்பது அவசியம். ஏர் ஃபில்டர் பக்கத்து சென்சார் வெளிக்காற்றைத்தான் சொல்லும். இன்டர்கூலர் மாற்றினாலும் அதில் ஒரு டிகிரியும் மாறாது. கோருக்குப் பிறகுள்ள குழாயில் தனியாக ஒரு சென்சார் வைத்தால்தான் உண்மை தெரியும். கூலன்ட் சூட்டுக்கு டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள், அது நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும்படியே செய்யப்பட்டது. ஏசிக்கு ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகி, பத்து நிமிடம் ஐடிலில் நிறுத்தி முன்னும் பின்னும் ஒப்பிட்டால் போதும். பூஸ்ட் முன்பைவிட 0.1 பார் குறைந்திருந்தால் கோரும் குழாயும் காற்றைத் தடுப்பதால் இருக்கலாம், பொறுத்துக்கொள்ளலாம். 0.2-க்கு மேல் போனால் கசிவு, இல்லை உள்ளே எங்கோ அடைப்பு. 500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா கிளாம்பையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சிலிக்கான் அமுங்கி இடம் விட்டிருக்கும்.

சட்டத்தைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு வரியும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பதிவுச் சான்றில் இன்டர்கூலர் என்றொரு கட்டம் கிடையாது. ஆனால் பம்பரை வெட்டி வெளியே தெரிகிறபடி மாட்டினால் ஆய்வாளர் கேட்காமல் விடமாட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம். மூடிய கிரில்லுக்குப் பின்னால், வெளித்தோற்றம் மாறாமல் மாட்டுவது எல்லா விதத்திலும் நல்லது. ஈசியுவின் மென்பொருள் அமைப்பை (மேப்) மாற்றி டீசலைக் கூட்டுவது வேறு சங்கதி. புகைப் பரிசோதனையில் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பழகிய கை இரண்டு பேருக்கு இது இரண்டு முழு நாள் வேலை. முதல் முறை செய்கிறவர் வெல்டிங் பட்டறைக்குப் போய்வரும் நேரத்தையும் சேர்த்து ஒரு வாரம் வண்டி இல்லாமல் இருக்கத் தயாராக வேண்டும். அடுத்த வாரக் கேள்வி-பதில் பகுதியில் பிரஷர் டெஸ்ட்டையும் கிளாம்ப் அளவையும் மட்டுமாவது சேர்த்து வெளியிட்டால், கிட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் பம்பரில் கை வைப்பதற்கு முன் படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
டீசல் பட்டறை மெக்கானிக் ஒருவர்,
கோயம்புத்தூர்.